கடல்நீரும் பழைய டீசல் இயந்திரமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் சாங்கி முனையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் பன்னிரண்டு பேரை ஏற்றிச் செல்லும் பம்போட் என்ற சிறு படகில் உங்களில் பலர் போயிருப்பீர்கள். காலுக்கடியில் பலகை அதிர, பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கூடக் கேட்காத அளவுக்கு முழங்கும் அந்த டீசல் இயந்திரம், படகின் வயிற்றுக்குள் பொருத்தப்பட்டது. பின்புறம் தொங்கும் மோட்டாரைப் போல அதைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவர முடியாது. இருந்த இடத்திலேயே குனிந்தும் தவழ்ந்தும், கண்ணுக்குத் தெரியாததைக் கையால் தடவியும்தான் பராமரிக்க வேண்டும். அப்படித் தவழ்ந்தே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான்.

பழைய இயந்திரம் ஓடித் தேய்ந்து கெடுவதை நான் கண்டது குறைவு. உப்புநீராலும், வாரக்கணக்கில் சும்மா கட்டிக் கிடப்பதாலும் கெட்டவையே அதிகம். ஆகவே பராமரிப்பு என்றதும் எண்ணெயைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

லாரிக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது. படகுக்குக் கடலே ரேடியேட்டர். அடிப்பலகையில் உள்ள வால்வின் வழியாக உள்ளே வரும் கடல்நீரை ஒரு சிறிய பம்பு இழுத்து, கூலர் என்று நாங்கள் சொல்லும் வெப்பமாற்றிக்குள் செலுத்துகிறது. அந்நீர் இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகையோடு கலந்து பின்னால் வெளியேறுகிறது. நம் கடல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 30 பாகை செல்சியஸ் வெதுவெதுப்பிலேயே இருப்பதால், நீரோட்டம் சற்றுக் குறைந்தாலும் இயந்திரம் சூடேறிவிடும்.

அந்தப் பம்புக்குள் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம். அதன் பெயர் இம்பெல்லர். ஆண்டுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து அதை வெளியே எடுத்து, ஒவ்வொரு இதழையும் விரலால் வளைத்து அடிப்பகுதியைப் பாருங்கள். முடி அளவு வெடிப்பு தெரிந்தாலும் அதை மறுபடி மாட்டக் கூடாது. நீண்ட நாள் ஓடாமல் கிடந்த படகில், இதழ்கள் வளைந்த நிலையிலேயே உறைந்துபோயிருக்கும். அதையும் மாற்றிவிடுவதே நல்லது.

ஒருமுறை ஒரு நண்பரின் படகில் சூடு ஏறுகிறது என்று பார்க்கப் போனேன். இம்பெல்லரில் இரண்டு இதழ்கள் இல்லை. புதியதை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டேன். உபினைத் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் மீண்டும் சிவப்புக்குப் போனது. உடைந்த அந்த இரண்டு இதழ்களும் நீரோடு போய்க் கூலரின் வாயில் அடைத்துக்கொண்டு நின்றதை, அன்று மாலை மூடியைக் கழற்றிய பிறகுதான் பார்த்தேன். தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து, காணாமற்போன துண்டுகள் கைக்குக் கிடைக்கும்வரை நான் எந்தப் பம்பையும் மூடுவதில்லை.

அதே கூலரில் பென்சில் போன்ற ஒரு துத்தநாகத் துண்டு திருகப்பட்டிருக்கும். உப்புநீர் முதலில் அதை அரித்துத் தின்னட்டும், செம்பையும் வெண்கலத்தையும் விட்டுவிடட்டும் என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். மீதி இருக்கிறதே என்று விட்டுவைக்கும் சிக்கனம் எனக்குப் புரிந்ததே இல்லை. கூலரின் விலையோடு ஒப்பிட்டால் அந்தத் துண்டு காப்பிக் காசு.

இனி எண்ணெய். நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கினால் கசடும் கலந்து எளிதாக வெளியே வரும்; கீழே கை நுழையாத படகுகளில், அளவுக்கம்பி செல்லும் குழாய் வழியாகவே கைப்பம்பால் உறிஞ்சிவிடலாம். அளவுக்கம்பியில் எண்ணெய் கறுப்பாக இருந்தால் கவலை இல்லை. தே தாரிக் என்ற பால்தேநீரின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள்; காரணம் தெரியும்வரை இயந்திரத்தை ஓட்டாதீர்கள்.

டீசல் தொட்டியிலும் தண்ணீர்தான் தொல்லை. காற்றில் ஈரம் குறையாத நம் ஊரில், பாதி காலியான தொட்டியின் சுவரில் நீர் வியர்த்து அடியில் சேர்கிறது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்புக் கோழையாய் ஃபில்டரை அடைக்கின்றன. தொட்டியை நிரப்பி வைப்பதும், ஃபில்டரின் கிண்ணத்தில் தங்கும் நீரை அவ்வப்போது வடிப்பதும் போதும்.

கடைசியாக ஒன்று. பிடிவாதமாகக் கிளம்ப மறுக்கும் இயந்திரத்தை விடாமல் சுழற்றும்போது, பம்பும் கூடவே சுழன்று கடல்நீரை இறைத்துக்கொண்டே இருக்கும். தள்ளிவிடப் புகை இல்லாததால் அந்நீர் புகைக்குழாயில் தேங்கி, சிலிண்டருக்குள்ளேயே திரும்பி வரக்கூடும். ஆகவே அப்படிச் சுழற்ற நேர்ந்தால் முதலில் கடல்நீர் வால்வை மூடிவிடுங்கள். கிளம்பிய கணமே திறந்துவிடுங்கள், தண்ணீர் இல்லாமல் இம்பெல்லர் வெகுநேரம் தாங்காது. பிறகு படகின் பின்புறம் எட்டிப் பார்த்து, புகையோடு தண்ணீர் துப்புகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும்போதும் நான் அந்த வால்வை மூடிவிடுவேன். மறுமுறை திறக்க மறந்துவிடாமல் இருக்க, இயந்திரத்தின் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிட்டுத்தான் கரையேறுவேன். நன்றி, வணக்கம்.