கூடத் தொழில் பழகியவர்களைத் தேடும்போது

வணக்கம். பதினாறு பதினேழு வயதில் பட்டறையில் ஒரே பாஸுக்கு, அதாவது தொழில் பழக்கும் மூத்த மேஸ்திரிக்குக் கீழே நின்று தொழில் பழகியவர்களை இந்த வயதில் எப்படித் தேடிப் பிடிப்பது, பிடித்தபின் என்ன கதைப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

போரில் இடம்பெயர்ந்த வன்னியில் பழைய விலாசம் உதவாது. 1995இல் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் உண்டு. 2008இலும் 2009இலும் மன்னார்ப் பக்கத்திலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நகர்ந்து, மனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து, பிறகு வேறிடத்தில் குடியேறியவர்களும் உண்டு. ஆகவே ஊரைச் சொல்லித் தேடாதீர்கள், தொழிலைச் சொல்லித் தேடுங்கள். செல்வராசா என்று கேட்டால் ஊருக்குப் பத்துப் பேர். "லேத்தில நிண்ட நெடுவல் செல்வராசா, இன்ன பாஸிட்டப் பழகினவர்" என்று கேட்டால் ஒருவர்தான். பட்டப்பெயரைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம், பட்டறையில் அதுதான் பெயர்.

கேட்க வேண்டிய இடம் உதிரிப்பாகம் விற்கும் பாட்ஸ் கடையும் வெல்டிங் கடையும். வேலையை விட்டவரும் சைக்கிளுக்கோ தண்ணிப் பம்புக்கோ ஏதாவது வாங்க அங்கே வருவார். கிராம அலுவலர் இன்னொருவரின் விபரத்தைத் தரமாட்டார், அது சரிதான். உங்கள் பெயர், பட்டறை, பழகிய ஆண்டு, தொலைபேசி இலக்கம் நான்கையும் துண்டில் எழுதி, நீங்கள் தேடுபவரிடம் சேர்க்கும்படி அலுவலரைக் கேளுங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கும் வெளிநாட்டிலிருந்தும் சனம் வரும். அங்கே விசாரித்தால் ஆள் அகப்படும்.

முதல் அழைப்பில்தான் பலர் பிழை விடுகிறார்கள். மனைவியோ மருமகளோ எடுத்தால் முதலில் நீங்கள் யார், எந்தப் பட்டறை என்று சொல்லுங்கள். அவரே எடுத்தாலும் "நீங்கள்" என்றே தொடங்குங்கள், "மச்சான்" தானாக வரும். சுத்தியல், கிரைண்டர் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவருக்கு முதலில் மங்குவது உயர்ந்த சுருதிகள். கத்தினால் விளங்காது. குரலைத் தாழ்த்தி, மெதுவாக, சொல் சொல்லாகப் பேச வேண்டும்.

இன்னொன்று, இதை மன்றாடிக் கேட்கிறேன். "பிள்ளையள் எத்தனை? எல்லாரும் எங்கே?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். வேறு ஊரில் அது சாதாரணக் கேள்வி. இங்கே பதில் சொல்ல முடியாத தகப்பன்மார் இருக்கிறார்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவராகச் சொல்லும்வரை பொறுங்கள். சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "காலம் ஆத்தும்" என்று அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள்.

அப்படியானால் எதைக் கதைப்பது? வேலையை. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளும் பம்பும் ஓடினது நினைவிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மாற்றுவோம். நிறுத்துமுன் பெற்றோலுக்குத் திரும்பாவிட்டால் அடுத்த முறை உதைத்தே கால் ஓய்ந்துவிடும். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டதையும் நினைவுபடுத்துங்கள். பெயர் மறந்தவருக்கும் இந்த வேலை மறப்பதில்லை. பழைய ஸ்பனரோ கலிப்பரோ வீட்டில் கிடந்தால் கொண்டு போய்க் கையில் கொடுங்கள்.

சந்திப்புக்கு மூன்று நான்கு பேர் போதும். காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடித்தால் பகலோடு பஸ் பிடித்துவிடலாம். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை, யாரும் வரமாட்டார்கள். ஒலிபெருக்கி கட்டிய கோயில் வீதி வேண்டாம், மரநிழலில் முகம் பார்த்து இருங்கள். உதட்டைப் பார்த்துத்தான் பலருக்குப் பேச்சு விளங்கும். தேத்தண்ணியைச் சீனி போடாமல் ஊற்றி, சீனியைத் தனியே வையுங்கள்.

வெளிநாட்டுக்காரரிடம் முதல் மூன்று அழைப்பிலும் காசு, விசா, காணி என்ற பேச்சு வேண்டாம். அவரும் இங்கே உள்ளவரிடம் "நீ ஏன் அங்கேயே நிண்டனி" என்று கேட்கக் கூடாது. இங்கே மாலை ஆறு மணி என்றால் குளிர்காலத்தில் லண்டனில் பகல் பன்னிரண்டரை, ரொறன்ரோவில் காலை ஏழரை. கோடையில் இரண்டிலும் ஒரு மணி கூட.

பிரியுமுன் அடுத்த நாளைக் குறியுங்கள். இலக்கத்தைப் போனில் மட்டும் வைக்காமல் கலண்டரின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், கீழே மகளுடையதோ பேரனுடையதோ ஓர் இலக்கமும்.