கேட்ட கேள்வி எது?

நேயர்களுக்கு வணக்கம்.

கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1969-இல் கேட்டது. சரி என்றவர்கள் 12 சதவீதம்தான். 2023-இல் 70 சதவீதம். ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் ஆதரவு எக்கச்சக்கம். குடியரசுக் கட்சியிலும் பாதிக்கு மேல். இதை வைத்து, போதைப்பொருள் என்றாலே மக்கள் மனம் இளகிவிட்டது என்று முடிவு கட்டினால் மாட்டிக்கொள்வோம். ஆரிகன் மாகாணம் அப்படித்தான் மாட்டிக்கொண்டது.

2020 நவம்பரில் அங்கே வாக்கெடுப்பு. சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் ஹெராயின் வைத்திருந்தாலும் கைது வேண்டாம், கஞ்சா வரிப் பணத்தைச் சிகிச்சைக்குச் செலவிடுவோம் என்றார்கள். 58 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். பிடிபட்டவரிடம் போலீஸ்காரர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுப்பார்: அபராதம் 100 டாலர். உதவி எண்ணுக்குப் போன் போட்டு நிலைமையைச் சொன்னால் அதுவும் தள்ளுபடி. போன் போட்டவர்கள் வெகு சிலர். அபராதம் கட்டாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. சிகிச்சைப் பணமோ ஆடி அசைந்து வந்தது. அதற்குள், ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் என்ற போதைப்பொருள் வந்துவிட்டது. ஆரிகனின் பெரிய நகரமான போர்ட்லாந்தின் நடைபாதைகளில் பட்டப்பகலில் ஃபாயில் தாளைச் சூடுகாட்டிப் புகை இழுப்பவர்களைத் தாண்டிக்கொண்டு ஜனங்கள் வேலைக்குப் போனார்கள்.

2024-இல் அதே மாகாணச் சட்டமன்றம், போதைப்பொருள் வைத்திருப்பதை மறுபடி குற்றமாக்கியது. இதில் வேடிக்கை, பெரும்பான்மை ஜனநாயகக் கட்சியிடம்தான். இரண்டு கட்சியும் சேர்ந்தே வாக்களித்தன.

அப்படியானால் ஆரிகன்காரர்கள் கொள்கை மாறிவிட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2020-இல் அவர்கள் காதில் விழுந்த கேள்வி, 'அடிமையானவரை ஜெயிலில் போடலாமா?' என்பது. 2024-இல் விழுந்தது, 'உங்கள் தெருமுனையில் இது நடக்கலாமா?' என்பது. ஒரே ஆள் இரண்டுக்கும் 'கூடாது' என்று சொல்லலாம். அதில் முரண்பாடே இல்லை. கட்சிகள்தான் ஆளுக்கொரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மற்றதை யாரும் கேட்காததுபோல் பேசுகின்றன.

போர்ச்சுகல் 2001-லேயே கைதை நிறுத்தியது. ஆனால் அங்கே பிடிபட்டவர் சீட்டோடு வீட்டுக்குப் போய்விட முடியாது. ஒரு குழுவின் முன் நேரில் போய் உட்கார வேண்டும். ஆரிகனில் அந்த நாற்காலிதான் இல்லை.

அப்புறம் ஒன்று. ஆரிகனில் மற்றதெல்லாம் மறுபடி குற்றமான பிறகும், கஞ்சாக் கடைகள் வழக்கம்போலத் திறந்தே இருக்கின்றன.

வணக்கம்.