பாலத்தில் எடுத்த படமும் நினைவில் இல்லாத நாளும்: சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி திருக்கோவில் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதாம். அம்மாவின் றங்குப்பெட்டியில் தன்னுடைய வளாகக் காலத்து அல்பம் கிடைத்திருக்கிறது. ஒரு படத்தில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில் நாலு பெண்பிள்ளைகள், நடுவில் இவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்த நாளே நினைவில் இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்கும் தோழியின் சேலையைப் பார்த்ததும், அவர் எந்நேரமும் பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டு காதில் கேட்டதாம். "எனக்கு மறதி நோய் ஏதும் வருகிறதா? நினைவுக்கு வந்ததாவது உண்மையா?" என்று கேட்கிறார்.

முதலில் பயத்தை விடுங்கள் தங்கச்சி. முப்பது வருடத்துக்கு முந்திய ஒரு பின்னேரம் நினைவில் இல்லை என்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. திரும்பத் திரும்பப் பேசிய நாள்தான் மனதில் தங்கும். அந்தப் பாலத்து நாளை நீங்கள் பிறகு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் பழைய நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்துச் சங்கதிகள்தான் அதிகம் வருகின்றன. இதை உளவியல்காரர்கள் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். முதல் வேலை, முதல் காதல், வீட்டை விட்டு வெளியே தங்கியது எல்லாம் அந்த வயதில்தானே நடக்கிறது. ஆக உங்களுக்குள் அந்தக் காலம் நிறையவே கிடக்கிறது. அதைத் தட்டி எழுப்ப ஏதாவது ஒன்று வேண்டும். உங்களுக்கு அது முகமாக இல்லாமல் சேலையாக இருந்திருக்கிறது. இது அடிக்கடி நடப்பதுதான். படத்தில் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்போம். நீங்கள் ஓரங்களைப் பாருங்கள். சுவரில் தொங்கும் கலண்டர், சாத்திவைத்த சைக்கிள், யாரோ காலில் போட்டிருக்கும் செருப்பு. பின்னணியில் பழைய இரும்புப் பாலம் மட்டும் இருந்தால் அது 2013க்கு முந்திய படம். புதுப் பாலம் அந்த வருடம்தான் திறந்தார்கள்.

அப்புறம், அல்பத்தோடு நெகட்டிவ் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறின்ட்டை விட எனக்கு அதில்தான் பிரியம் அதிகம். அந்தக் காலத்தில் 36 படம் வரும் ஒரு பிலிம் றோலைப் போட்டால் அது முடிய மாதக்கணக்கில் ஆகும். ஒரே றோலில் முதலில் மச்சாளின் சாமத்தியவீடு, பிறகு மாமாங்கக் கோவில் தீர்த்தம், கடைசியில் இந்தப் பாலம் என்று இருக்கும். நெகட்டிவ் ஓரத்தில் வரிசை இலக்கம் அச்சாகியிருக்கும். பாலத்துப் படத்துக்கு முன்னும் பின்னும் என்ன எடுத்தீர்கள் என்று பார்த்தால், அது எந்த மாதம், யாருடைய கமரா, ஏன் அங்கே போனீர்கள் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வரும். அல்பத்தில் அந்த வரிசை இருக்காது. அழகான படத்தை முன்னுக்குக் கொண்டுவந்து ஒட்டியிருப்போம்.

நம் பக்கத்து அல்பங்களில் இன்னொன்றும் உண்டு: இடைவெளி. 1990 ஆனியில் மீண்டும் சண்டை தொடங்கியபோது அள்ளிக்கொண்டு ஓடியவர்கள் படத்தையா நினைத்திருப்பார்கள்? நாலு பேர் சேர்ந்து நிற்கும் படத்தைச் சோதனைச் சாவடியில் கண்டால் இவன் யார், அவன் யார் என்ற கேள்வி வரும் என்று எரித்தவர்களும் புதைத்தவர்களும் உண்டு. மிஞ்சியதில் கரையோரத்தில் இருந்ததை 2004இல் கடல் கொண்டுபோனது. திருக்கோவில்காரரான உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அதனால் அல்பத்தில் ஒரு வருடம் இல்லை என்றால் அந்த வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

இனி உண்மையா என்ற கேள்வி. இதில் கொஞ்சம் கவனம் வேண்டும். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 20 பேருக்கு அவர்களுடைய சிறுவயதுப் படங்களைக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று, அவர்கள் ஆகாய பலூனில் போவதுபோல ஒட்டுவேலை செய்த பொய்ப் படம். சில தடவை விசாரித்த பிறகு, பாதிப்பேர் அந்த நடக்காத பயணத்தைப் பற்றி ஏதோ ஒன்று நினைவிருப்பதாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, மனம் அப்படித்தான் கோர்த்துக்கொள்கிறது. இப்போது பழைய படத்தைத் திருத்தி, நிறம் பூசி, அசையவும் வைக்கிற செயலிகள் வந்துவிட்டன. செய்யுங்கள், தவறில்லை. ஆனால் மூலப் படத்தை வேறாக வையுங்கள்.

உங்கள் சிரிப்பு படத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்" என்று சொன்னால், அது நினைவா ஊகமா என்று பிரிப்பது கஷ்டம். கமராவுக்கு யார்தான் சிரிக்கவில்லை? பாட்டு அப்படி அல்ல. அது படத்தில் இல்லை, உங்களுக்குள் இருந்து வந்தது. என் கணிப்பில் அதைக் கூடுதலாக நம்பலாம்.

படம் சிவந்து போயிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீலச் சாயம் முதலில் மங்கினால் அப்படித்தான் ஆகும். பசைத்தாள் அல்பத்தில் ஒட்டியிருந்தால் இழுத்துக் கிழிக்க வேண்டாம், இருந்தபடியே ஸ்கான் செய்யுங்கள், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும்.

அந்தத் தோழி கனடாவில் இருக்கிறார் என்றீர்கள். படத்தை உடனே வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். போட்டால் அவரும் படத்தைப் பார்த்துத்தான் கதை சொல்வார். முதலில் பேசுங்கள். பாலத்துக்குப் போனது ஞாபகமா, யார் கூட வந்தது என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, பிறகு படத்தை அனுப்புங்கள். நம்முடைய இரவு எட்டரைக்கு எடுத்தால் ரொறன்ரோவில் காலை நேரம்தான், ஆறுதலாகப் பேசலாம்.