ஒரு ஜன்னலும் ஐந்து உரைகளும்

[காட்சி: மூடிய அறை, ஒற்றை ஜன்னல்]

ஒரு வீட்டுக்கு ஜன்னல் வைக்கிறார்கள். எந்த இடத்தில் வைத்தால் வெளியே ஒரு பக்கம் முழுவதும் கண்ணில் படாதோ, அந்த இடமாகப் பார்த்து வைக்கிறார்கள். தன் நாட்டின் வரலாறு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று 1968-இல் ஒருவர் வானொலியில் சொன்னார். நாடு, ஆஸ்திரேலியா. சொன்னவர், மானுடவியலாளர் டபிள்யூ.ஈ.எச். ஸ்டானர். நிகழ்ச்சி, பாயர் உரைகள்.

[காட்சி: பழைய வானொலிப் பெட்டி]

அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி., 1959-இல் தொடங்கிய வருடாந்திரத் தொடர் இது. யோசனை, நிறுவனத்தின் தலைவர் ரிச்சர்ட் பாயருடையது. மெதடிஸ்ட் சபையில் போதகராக இருந்து, பிறகு குயின்ஸ்லாந்தில் பண்ணை நடத்தியவர். 1961-இல் அவர் காலமானார். தொடருக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். பொதுவாக ஆண்டுக்கு ஒருவரை அழைப்பார்கள். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அவர் பல பகுதிகளாகப் பேசுவார். விஞ்ஞானிகள், நீதிபதிகள், ஒரு படைத் தளபதி, ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக் என்று பலதரப்பட்டவர்கள் பேசியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், ஸ்டானரின் ஐந்து உரைகளுக்கு ஈடு எதுவும் இல்லை.

[காட்சி: வாக்குப்பெட்டி, 1967]

அதற்கு முந்தைய ஆண்டு மே 27 அன்று ஒரு பொது வாக்கெடுப்பு நடந்திருந்தது. பூர்வகுடி மக்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும், அவர்களுக்கெனச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கவும் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் சம்மதித்தார்கள். கடமை முடிந்தது என்று மனம் ஆறிவிடக்கூடிய நேரம். அப்போதுதான் ஸ்டானர் வந்தார்.

1932 முதலே வட ஆஸ்திரேலியாவின் டேலி ஆற்றுப் பகுதியில் பூர்வகுடி மக்களோடு பழகியவர் அவர். ஆனாலும் இந்த உரைக்காக நூல்களைக் கையில் எடுத்தார். ஆஸ்திரேலியாவைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு அவற்றில் ஏறக்குறைய இடமே இல்லை. இது வெறும் கவனக்குறைவு அல்ல என்றார். மறதியையே ஒரு வழிபாடாக்கி, நாடு முழுவதும் கடைப்பிடிக்கிறது என்றார். அதற்கு அவர் இட்ட பெயர், 'மாபெரும் ஆஸ்திரேலிய மௌனம்'.

இதையே அவர் ஒரு கருத்தரங்கில் படித்திருந்தால், சக பேராசிரியர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்திருப்பார்கள். வானொலி அதை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுபோனது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஹென்றி ரெனால்ட்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள், ஐரோப்பியர் குடியேறிய எல்லைப் பகுதிகளில் சிந்திய ரத்தத்தை ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்து எழுதினார்கள்.

[காட்சி: ஒலிவாங்கி]

1993-இல் ஒலிவாங்கி பூர்வகுடிப் பேச்சாளர்களின் கைக்கே வந்தது. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் நோயல் பியர்சன், 2022-இல் முழுத் தொடரையும் தாமே ஆற்றினார். நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடி அமைப்பு ஒன்றை அரசியலமைப்பிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று வாதாடினார். நாங்கள் அன்பு காட்டப்படாத மக்கள் என்று தொடக்கத்திலேயே சொன்னார்.

2023 அக்டோபர் 14 அன்று நடந்த வாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதம் பேர் அந்த அமைப்பு வேண்டாம் என்றார்கள். அந்த எண்ணை இன்றும் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. ஆனால் இம்முறை நாடு மாதக்கணக்கில் அதைப் பற்றியே பேசியது, வாதிட்டது, சண்டையிட்டது.

ஸ்டானர் சொன்ன அந்த ஜன்னல் அவருடைய இரண்டாம் உரையில் வருகிறது. மற்றவற்றுக்கு நேரம் இல்லாவிட்டாலும், அந்த ஒன்றைத் தேடிப் படியுங்கள்.