சென்னையை விட்டு கூடுவாஞ்சேரி பக்கம் குடி போகலாமா? உங்க கேள்விக்கு பதில்

அடுத்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, கிண்டில வேலை, சைதாப்பேட்டைல வாடகை, அந்த வாடகையோட இன்னும் கொஞ்சம் சேத்தா கூடுவாஞ்சேரி பக்கம் சொந்த வீட்டுக்கு இஎம்ஐ கட்டிடலாம், அம்மாவும் எங்க கூடத்தான் இருக்காங்க, போகலாமாண்ணானு.

தம்பி, நானும் பல வருஷமா அந்த பக்கம்தான் இருக்கேன். காத்து நல்லா வரும், பிள்ளைங்க தெருவுல ஓடியாடும், ஒரு முருங்கை ரெண்டு தென்னை வைக்கலாம், இதெல்லாம் சைதாப்பேட்டைல நம்ம சம்பளத்துக்கு நடக்காது. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு 2023 டிசம்பர் கடைசில திறந்ததுல இருந்து ஊருக்கு போறதும் சுலபம்.

ட்ரெயின்ல கிண்டி முக்கால் மணி நேரம்தான், ஆனா சென்னை பீச் ஸ்டேஷன்ல இருந்து வர்ற வண்டி நிறைய தாம்பரத்தோட நின்னுடும், செங்கல்பட்டு வண்டிய விட்டுட்டா காத்து கிடக்கணும், அதுக்கப்புறம் ஸ்டேஷன்ல இறங்கி வீட்டுக்கு ராத்திரி பத்து மணிக்கு ஷேர் ஆட்டோ இருக்கா, தெருவிளக்கு எரியுதானு பாருங்க, உண்மையான தூரம் அதுதான்.

ரொம்ப முக்கியம் தண்ணி. அடையாறு நதி ஆரம்பிக்கிறதே நம்ம ஆதனூர் பக்கம்தான், அங்கிருந்து மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம்னு போகுது. 2015 வெள்ளத்துல முடிச்சூர், வரதராஜபுரத்துல படகு விட்டு ஆளுங்கள வெளிய கொண்டு வந்தாங்க, மறந்துடாதீங்க. மே மாசம் போய் பாத்தா எல்லா மனையும் மேடாதான் தெரியும், நவம்பர்ல நல்லா மழை பெஞ்ச மறுநாள் போய் பாருங்க, பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவத்துல தண்ணி நின்ன கறை இருக்கும், அங்க இருக்கறவங்க கிட்ட கேளுங்க, மறைக்க மாட்டாங்க. கிராம வரைபடத்துல பக்கத்துல ஏரியோ ஓடையோ போகுதானு பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. பட்டா, வில்லங்கம் பாக்கறோம், இத மட்டும் விட்டுடறோம். அப்படி மழை பெய்யுற அதே ஊர்லதான் கோடைல போர் வத்திப்போய் லாரி தண்ணி வாங்குறாங்க, பாதாள சாக்கடை இல்லாத தெருவா இருந்தா செப்டிக் டேங்க் லாரி செலவு வேற, அதையும் மாச கணக்குல சேத்துக்கோங்க.

அம்மாவுக்கு மாசாமாசம் செக்கப் இருக்குனு எழுதியிருக்கீங்க. அதனால உங்களுக்கு நான் சொல்றது, ஸ்டேஷன்ல இருந்து நடந்து போற தூரத்துல சின்ன வீடா இருந்தாலும் அத வாங்குங்க, நாலு கிலோமீட்டர் உள்ள தள்ளி அதே விலைக்கு பெரிய வீடு கிடைக்குதுனு போகாதீங்க.