சிறுநீரகம் கெட்டால் நெஞ்சுக்கு ஆபத்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மண்டபத்தை மனமுவந்து தந்த பங்குத்தந்தை அவர்களே, ஊர்க் கமிட்டிப் பெரியவர்களே, வாசல் வரை நிற்கும் தாய்மார்களே, வணக்கம். உடல்நலமில்லாத நிலையிலும் வந்து எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்குத் தனி வணக்கம்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையையும் விட்டு இறங்கியதில்லை. இன்று மூன்று செய்திகள்: உப்பு, வலி மாத்திரை, சிறுநீர்ப் பரிசோதனை.

சிறுநீரகம் என்றாலே டயாலிசிஸுக்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் பலரை, அந்த நிலை வருமுன்பே இதயநோய் கொண்டுபோய்விடுகிறது. வெளியேறாத உப்பும் நீரும் ரத்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகிறது. பாஸ்பரஸ் தேங்க, ரத்தக்குழாய்களில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. பொட்டாசியம் மிஞ்சினால் துடிப்பே தடுமாறும்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன், வல்லம் என்னும் படகில் மீன்பிடி தொழிலுக்குப் போய்வந்தவர். மூட்டுவலி வந்தபின் கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்தார். நெடுநாள் சர்க்கரை. வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று தெரியாமல், தானே மருந்துக்கடையில் வாங்கிப் போடுவார். கால் வீங்கியது; "உட்கார்ந்தே இருப்பதால்தான்" என்றார். இரவில் படுத்தால் மூச்சு முட்டியது. வாயு என்று அவர் வீட்டு அக்கா சுக்கு இடித்துக் கஷாயம் வைத்தார். பிறகு மூன்று தலையணை, அதன்பிறகு நாற்காலியிலேயே தூக்கம். ஒரு விடியற்காலை பேசக்கூட முடியாமல் இரைத்தபோதுதான் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. இ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்துபோயிருக்கிறது என்றார். அண்ணனுக்குக் கோபம். "நெஞ்சு வலிக்கவே இல்லையே டாக்டர்!" சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் வலி தெரியாமலே மாரடைப்பு வரும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். சிறுநீரில் புரதம் ஏராளம். அக்கா கேட்டார்: "இத்தனை வருஷம் ரத்தம் எடுத்தோமே, மூத்திரம் பார்க்க ஒருவரும் சொல்லவில்லையே?"

அந்தக் கேள்விக்காகவே நான் ஊர் ஊராக வருகிறேன். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுவதற்குள் சிறுநீரகத் திறன் பாதி போயிருக்கலாம். ஆல்புமின் என்ற புரதம் பலருக்கு அதற்கு வெகு முன்பே சிறுநீரில் கசியத் தொடங்கிவிடும். அந்தக் கசிவு இதயத்துக்கும் எச்சரிக்கை. அப்போதே கண்டுபிடித்தால் இரண்டையும் காக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. வெள்ளம் வருமுன் அணை போடுங்கள், தாய்மார்களே!

உப்பைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், பாராட்டுகிறேன். நம் குமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையும், மலையோர ரப்பர் தோட்டங்களிலும், சர்க்கரையும் அழுத்தமும் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஆல்புமின் பரிசோதனை உறுதியாகக் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியருக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுங்கள்; எழுதத் தெரியாத பெரியவர்கள் கைரேகை வைக்க மையும் வைத்திருக்கிறோம்.