முதலில் பயம் தெளியட்டும்

நேயர்களுக்கு வணக்கம். கொழும்பில் ஓர் இரவு அடித்து ஊற்றினால் போதும், விடிந்ததும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஏதாவதொரு தொடர்மாடியின் படிக்கட்டுக்குக் கீழே பூனைக்குட்டி கத்துகிற சத்தம் கேட்கும். கேட்டவுடன் ஓடிப்போய்த் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டும் இருக்கலாம். குட்டி நனையாமல், வயிறு ஒட்டாமல் இருந்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் தள்ளி நின்று பாருங்கள். பக்கத்திலேயே நின்றால் தாய் வராது.

வராவிட்டால் முதலில் வயதைப் பாருங்கள். கண் திறக்காதது பிறந்து இரண்டு வாரத்துக்குள். நீலக் கண், தள்ளாடும் நடை, அரிசி நுனிபோல முன்பல் என்றால் மூன்று நான்கு வாரம். குசினித் தராசில் ஒரு மாதக் குட்டி சுமார் 450 கிராம் காட்டும், இரண்டு மாதக் குட்டி அதில் இரண்டு மடங்கு. தெருக்குட்டி மெலிந்திருக்கும் என்பதால் எடையைவிடப் பல்லை நம்பலாம்.

வயதுக்கு இவ்வளவு அழுத்தம் ஏன்? இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் பூனை மனிதரைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் காலம். அந்த நாட்களில் கை பட்ட குட்டி சீக்கிரம் மடியேறும். மூன்று மாதம் தாண்டி வந்ததற்கு மாதக்கணக்கு எடுக்கும். அதைக் குணக்கேடு என்று திட்டுவது நியாயமில்லை.

குட்டியின் வாய்க்குள் விரல் வைத்தால் குளிர்கிறதா? அப்படியென்றால் பால் கொடுக்க வேண்டாம். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது. இளஞ்சூட்டு நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, உடம்பு சூடேறிய பிறகு கொடுங்கள். பசுப்பாலும் வீட்டுப் பால்மாவும் வயிற்றோட்டம் கொண்டுவரும். சின்னக் குட்டியைக் கொல்ல அதுவே போதும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவை வாங்குங்கள். குட்டி வயிறு கீழே பட இருக்க வேண்டும். குழந்தையைப்போல மல்லாத்திப் பருக்கினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். மூன்று வாரத்துக்கு உட்பட்டதற்கு, ஒவ்வொரு முறை பருக்கிய பிறகும் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் வாலடியைத் தடவினால்தான் சிறுநீர் வரும்.

இனிப் பழக்கம். வீடு முழுவதையும் திறந்துவிடாமல் ஒரு சிறிய அறை கொடுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மட்டைப்பெட்டி, ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடு. முதல் இரண்டு நாள் கை நீட்டவே வேண்டாம். நிலத்தில் உட்கார்ந்து மெதுவாக எதையாவது வாசியுங்கள், பத்திரிகையானாலும் சரி. அவித்துப் பிய்த்த கோழியிறைச்சியை நீளக் கரண்டியில் நீட்டுங்கள். நாளாக ஆகக் கரண்டியைக் கட்டையாகப் பிடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் உங்கள் விரல்தான் கரண்டி. தானாக வந்து முகர்ந்தால் கன்னத்தையும் தாடையையும் தடவலாம். மேலிருந்து தலைக்கு வரும் கை அதற்குப் பருந்து மாதிரி. வயிற்றைத் தொடவே வேண்டாம். கண்ணை வெறித்துப் பார்க்காமல் மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். அப்படிச் செய்பவரிடம் பூனைகள் அதிகம் நெருங்கி வருவதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். சீறினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒரு படி பின்னால் போங்கள்.

நம் வீடுகளின் பெரிய பிழை, சோறும் மீன்குழம்பும். குழம்பிலுள்ள வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கருவாட்டிலும் ரின் மீனிலும் உப்பு அதிகம். பூனைக்கு டோரின் என்ற சத்து இறைச்சியிலிருந்தே கிடைக்க வேண்டும். சோற்றில் அது இல்லை. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். அவித்த மீன் இடைக்கிடை பரவாயில்லை, ஆனால் அன்றாடச் சாப்பாடு பூனைக்கென்று செய்த முழுமையான உணவாக இருக்கட்டும். நாய்த்தீனி இதற்கு ஈடாகாது.

காய்ச்சல் மாதிரித் தெரிந்தால் பனடோல் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பரசிட்டமோலை உடைக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது. அரை மாத்திரையே உயிரை எடுக்கலாம். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளு மருந்தும் அப்படித்தான். குட்டியின் தெள்ளுக்குப் பல் நெருக்கமான சீப்பு போதும்.

குடற்பூச்சி மருந்தை மிருக வைத்தியர் எடை பார்த்துத் தருவார். தடுப்பூசி எட்டாவது வாரத்தில் தொடங்கும், விசர்நோய்க்கானது மூன்றாம் மாதத்தில். அதற்கு முன் குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் குட்டிதானே என்று இருந்துவிடக் கூடாது.

பெண் குட்டி நாலு மாதத்திலேயே சினைப்படலாம்; அதிலிருந்து சுமார் 65 நாளில் படிக்கட்டுக்குக் கீழே மறுபடியும் அதே சத்தம். ஐந்து மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுங்கள். மாடியில் இருப்பவர்கள் யன்னலுக்கு வலை அடியுங்கள். கம்பி இடைவெளி குட்டிக்கு வாசல்.

ஒரு வயதானதும் மடியில் ஏறுவது குறையலாம். அன்பு போய்விடவில்லை, பூனை வளர்ந்துவிட்டது. தினமும் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம், தடியில் கட்டிய நூலை இழுத்து விளையாடிவிட்டு உடனே சாப்பாடு கொடுங்கள். விளையாடி முடிந்ததும் நூலை அலுமாரிக்குள் வையுங்கள். விழுங்கினால் குடலைச் சுருக்கிவிடும். கடுவன் மணல் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி முக்கினால் மலச்சிக்கல் என்று நினைக்காதீர்கள். சிறுநீர் அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போகும். இரவானாலும் வைத்தியரைத் தேடுங்கள்.

எட்டு வயதுக்குப் பிறகு மாதம் ஒருமுறை நிறுங்கள். நாலு கிலோ பூனையில் 400 கிராம் குறைவது உடம்பில் பத்திலொரு பங்கு. அதோடு தண்ணீரும் அதிகம் குடித்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். கட்டிலில் பாய முன் நின்று யோசிக்கத் தொடங்கினால் மூட்டு நோகிறது. கட்டிலோரம் ஒரு முக்காலி போடுங்கள், வழமையான இடத்துக்கு அது ஏறி வரட்டும்.